பெட்டிக்கு மேல் வைக்கிற படம்

என் கணவர் இருபது வருடத்துக்கு மேல் படம் எடுத்துச் சம்பளம் வாங்கியவர். கல்யாண வீட்டுப் படமில்லை, சண்டைப் படம். ஆமி, இலங்கை இராணுவம், வடக்கே முன்னேறிப் போன காலத்தில் கழுத்தில் கமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர்களோடு போனவர். எங்கள் அலுமாரியில் அவர் எடுத்த படங்கள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. அத்தனையிலும் என் முகம் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லையென்று சொன்னால் யார் நம்புவார்கள்? வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். படக்காரன் பெண்சாதிக்குப் படமில்லை என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

நான் படத்திலேயே இல்லை என்று சொன்னால் அது பொய். கரையோரமாக நடந்து போகும் என் முதுகு இருக்கிறது. கருவாடு பரப்பும் என் கைகள் இருக்கின்றன. கிணற்றடியில் குனிந்து தலை தோய்க்கிற நேரத்தில் எடுத்த படத்தில் முடி மட்டும் இருக்கிறது. எங்கள் ஒரே மகளுக்கும் இதே கதிதான். அவள் முதல் நன்மை, முதல் நற்கருணை, வாங்கிய நாளில் வெள்ளைச் சட்டையும் முக்காடுமாகக் கோயிலுக்குள் போகிறாள். பின்பக்கம்தான். ஒருமுறை மச்சாள் வந்து அல்பத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னாள்.

"என்னடி இது, தாயும் மகளும் ஆருக்கோ பயந்து ஓடுற நேரத்தில எடுத்த மாதிரியெல்லோ இருக்கு!"

சிரித்துச் சமாளித்தேன். அவள் போனதும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "என்ட மூஞ்சி என்ன அவ்வளவு கேவலமா?" என்று கேட்டேன். அவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "முகத்தைத்தான் நான் நெடுகப் பாக்கிறனே" என்றார். இந்த மாதிரிப் பதிலுக்கு மேல் ஒரு பெண் என்ன சண்டை பிடிப்பது?

அவருடைய ஊர் சிலாபத்துப் பக்கம். அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சிலவற்றில் வீட்டுச் செபம் தமிழில் இருக்கும், பள்ளிக்கூடம் சிங்களத்தில் இருக்கும், சண்டை இரண்டிலும் நடக்கும். அவர் இளந்தாரியாக இருந்தபோது ஒரு ஸ்டூடியோவில் பிலிம் கழுவிக்கொண்டிருந்தார். ஆமிக்குப் படம் கழுவத் தெரிந்த ஆள் தேவையாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இருட்டறைக்குள் இருந்தே காலத்தை ஓட்டலாம் என்று நினைத்துத்தான் சேர்ந்தாராம். ஒரு மழைக்காலம் மட்டும் இருட்டறையில் இருக்கவிட்டார்கள். பிறகு கமராவைக் கையில் கொடுத்து வடக்கே அனுப்பிவிட்டார்கள்.

கல்யாணப் பேச்சு வந்தபோது என் அப்பா வலையைப் பிரித்துக்கொண்டு கரையில் இருந்தார். நாங்கள் கற்பிட்டியில் கடலை நம்பி வாழ்ந்த குடும்பம். "தமிழ்ப் புள்ளைய ஆமிக்காரனுக்கா குடுக்கச் சொல்றீங்க?" என்று அப்பா கத்தியது கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். பேச்சைக் கொண்டுவந்த பெரியம்மா சளைக்கவில்லை. "துவக்கு இல்ல தம்பி, கமராதான்" என்றாள். அது பாதிப் பொய். துப்பாக்கியும் இருந்தது. கல்யாணமான பிறகுதான் எனக்கு அது தெரியும்.

கல்யாணத்துக்குப் பிறகும் நாங்கள் இருந்த கற்பிட்டித் தெருவில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களும் இருந்தார்கள். அவர் லீவில் வந்து தெருவில் நடந்தால் அவர்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்கு அது வலித்தது. ஆனால் அவர்களைக் கோபிக்க எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் எதைப் பார்த்துவிட்டு வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் எதைப் பார்த்துவிட்டு வருகிறார் என்பதும் எனக்குத் தெரியாது.

அந்த லீவு நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இனிக்கிறது. புத்தளத்திலிருந்து வருகிற பஸ் சந்தியில் நின்றதும் யாராவது ஓடிவந்து சொல்வார்கள். வந்தவுடன் ஒரு நாள் முழுக்கத் தூங்குவார். எழும்பிப் பாணும் சம்பலும் தின்பார். அதன் பிறகு மச்சான்மார் வந்து சூழ்ந்துகொள்வார்கள், சண்டைப் படம் பார்ப்பதற்கு. சண்டைப் படமெல்லாம் பிலிமோடு மேலிடத்துக்குப் போய்விடும். அவர்களுக்கு வேண்டாததுதான் எங்கள் வீட்டுக்கு வரும். சைக்கிள் கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்கிற ஒருவன். இரும்புத் தொப்பியில் தண்ணீர் குடிக்கிற நாய். பெரிய கிடாரத்தில் சோறு, அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர்.

"சண்டை எங்க மச்சான்?" என்று கேட்பார்கள்.

"இதுதான் சண்டை. முக்காவாசி நேரம் சோறு வேகுமட்டும் பாத்துக்கொண்டு இருக்கிறதுதான்."

அவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்பா வெங்காயம் கட்டித் தொங்கவிடுகிற அறையைத்தான் அவர் வீட்டில் இருட்டறையாக மாற்றியிருந்தார். கிடுகு இடுக்குகளை என் பழைய சேலைகளால் அடைப்பார். வெளியே பட்டப்பகல் வெயில் எரியும். உள்ளே சிவப்பு பல்ப் ஒன்று, வெங்காய நெடி, மருந்துத் தண்ணீர் நெடி, நாங்கள் மூன்று பேர். மகள் பலகைப்பெட்டியில் ஏறி நின்று தட்டுக்குள் பார்ப்பாள். வெள்ளைக் கடதாசியில் முதலில் ஒரு கறுப்பு வரும், பிறகு ஒரு மரம் வரும், பிறகு மரத்தில் சாய்ந்திருக்கிற ஆள் வருவான். அவள் ஒவ்வொரு முறையும் கை தட்டுவாள். நானும்தான்.

வீட்டில் ஊமையாகத் திரிகிற மனிசனுக்கு அந்தச் சிவப்பு வெளிச்சத்தில்தான் வாய் திறக்கும். ஒரு நாள் மகள் வெளியே போன பிறகு, தட்டை ஆட்டிக்கொண்டே சொன்னார். காயப்பட்டுக் கிடந்த மற்றப் பக்கத்து, இயக்கத்துப் பிள்ளை ஒன்று "அம்மா, தண்ணி" என்று கேட்டதாம். சுற்றி நின்றவர்களில் அவருக்கு மட்டும்தான் தமிழ் விளங்கியது. தன் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தாராம்.

"பிறகு?" என்று கேட்டேன்.

"பிறகு படம் எடுத்தன். எடுக்கத்தானே போனது. ஆனா அந்தப் புள்ள கேட்டது படத்தில விழாது."

அவர் தோளில் என் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

சண்டை முடிந்து பென்சனோடு வீட்டுக்கு வந்தவர் சும்மா இருக்கமாட்டாமல் கல்யாணப் படம் எடுக்கத் தொடங்கினார். அந்தக் கூத்தைச் சொல்லாமல் விடமுடியாது. முதல் கல்யாணம் பக்கத்துத் தெருவில். கோயிலுக்குள் மாப்பிள்ளையும் பெண்ணும் மோதிரம் மாற்றுகிறார்கள், படக்காரரைக் காணவில்லை. தேடிப் பார்த்தால் தூணுக்குப் பின்னால் முழங்காலில் நின்றுகொண்டிருக்கிறார். செபம் செய்கிறார் என்று நினைத்து ஒரு கிழவி விலகி வழிவிட்டாள். அல்பம் வந்தபோது பெண்ணின் தகப்பன் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வந்துவிட்டார். சோறு பரிமாறுகிற மாமி இருக்கிறாள், பூக்கூடையோடு கொட்டாவி விடுகிற சின்னப் பிள்ளை இருக்கிறாள், மாப்பிள்ளையின் சப்பாத்துக் கால் இருக்கிறது. பீடத்துக்கு முன்னால் நின்ற பெண்ணும் மாப்பிள்ளையும் இரண்டு நிழல்.

"ஏன் பிளாஷ் அடிக்கேல்ல?" என்று கேட்டார் அந்த மனிசன்.

"பிளாஷ் அடிச்சா நாங்க நிக்கிற இடம் தெரிஞ்சிரும். அந்தப் பக்கத்தால வெடி வரும்."

"கோயிலுக்குள்ள ஆரு வெடி வைக்கிறது? சுவாமியா?"

நான் குசினிக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த நாள் புத்தளத்துக்குப் போய் பிளாஷ் ஒன்று வாங்கி வந்து, முற்றத்துத் தென்னைக்கு அடித்துப் பழகினார். ஒவ்வொரு தரம் அது மின்னும்போதும் அவருடைய தோள்தான் குனியும். போகப்போகச் சரிவந்தது. ஊரில் நல்ல படக்காரர் என்று பெயரும் வந்தது. ஒரே ஒரு வேலையை மட்டும் கடைசி வரைக்கும் அவர் செய்யவில்லை. பெண்ணைத் தனியே நிறுத்தி, நேரே பார்க்கவைத்து எடுக்கிற படத்துக்கு டவுனிலிருந்து வேறொரு ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டுவிடுவார். அது பெருமை பிடித்த வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அப்படியில்லை என்று எனக்குத் தெரியவந்தது பக்கத்துத் தலவிலக் கோயில் திருவிழாக் காலம் ஒன்றில். அவரோடு வடக்கே இருந்த ஒருவர் குடும்பத்தோடு திருவிழாவுக்கு வந்தவர், எங்கள் வீட்டுக்கும் வந்தார். சிங்கள மனிசர். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் பொய்க்கால். நண்டுக்கறியை விரும்பித் தின்றார். தின்றுகொண்டே சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏன் அக்கா உங்கள் படம் ஒன்றையும் காணவில்லை என்று சிங்களத்தில் கேட்டார். விடுவேனா? எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் திரட்டி முறைப்பாடு வைத்தேன். என் கணவர் சோற்றுக் கோப்பையோடு எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

வந்தவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தன் பேர்சிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்துக் காட்டினார். அவர்தான், மீசை முளைத்த வயதில். பின்னால் நீலம். கொலர் கழுத்துக்குப் பெரிது.

"அக்கா, இதுதான் என்ட சவப்பெட்டிக்கு மேல வைக்க எடுத்த படம். தேவைப்படேல்ல. அதால நானே வைச்சிருக்கிறன்" என்றார் சிரித்துக்கொண்டு.

ஒவ்வொரு முன்னேற்றத்துக்கு முன்னும் அவர்களுடைய பிரிவில் எல்லாருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வைப்பார்களாம். ஆள் செத்தால் பேப்பருக்கும் பெனருக்கும் அந்தப் படம்தான். உடம்பு கிடைக்காவிட்டால் வீட்டுக்குப் போவதும் அந்தப் படம்தான். இரண்டு பனைக்கு நடுவில் என் கணவர் நீலக் கட்டில் சீலை ஒன்றைக் கட்டுவார். போட்டிருக்கிற சட்டையெல்லாம் கிழிசல் என்பதால் எல்லாருக்கும் ஒரே ஒரு நல்ல சட்டை. ஒருவன் கழற்ற மற்றவன் போட்டுக்கொள்வான். மெலிந்தவனுக்கு முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுத்துவிடுவார். ஒவ்வொரு லீவு முடியும்போதும் எங்கள் கொடியில் உடுப்பு மாட்டுகிற கிளிப் குறைவதை வைத்து நான் பக்கத்து வீட்டுக்காரியைச் சந்தேகப்பட்டிருக்கிறேன், பாவம்.

வரிசையில் நின்று பகிடி விடுவார்களாம். அவரைக் கமரா அய்யா என்றுதான் கூப்பிடுவார்கள். அய்யா என்றால் சிங்களத்தில் அண்ணன். "கமரா அய்யா, கொஞ்சம் வடிவா எடுங்க, அம்மா பாக்கிற படம்" என்பார்களாம். எதற்கு எடுக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். சீலைக்கு முன்னால் வந்து கமராவை நேரே பார்த்தவுடன் பகிடி நின்றுவிடும். சில நாள் கழித்து, அதே முகங்களில் சிலவற்றை அவரே பெரிதாகக் கழுவி எடுக்கவேண்டும். தட்டுக்குள்ளிருந்து அவரையே நேரே பார்த்துக்கொண்டு மேலே வருவார்கள். படம் எடுக்கத் தப்பினவன் செத்தால், நாலு பேர் தோளில் கைபோட்டு நிற்கிற படத்தைத் தேடி அவனை மட்டும் வெட்டி எடுப்பதும் அவர் வேலைதான்.

அந்த மனிசர் குடும்பத்தோடு போய்விட்டார். என் முகத்தை எடுங்கள் என்ற கதையை அன்றோடு விட்டேன். என் வாய்க்கு அது பெரிய தவம். அவர் முதுகைப் படம் எடுத்தால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அப்படியே இருந்திருப்பேன். என் அக்கா செத்தாள். அவள் வாயைத் திறந்தால் சிரிப்பு, மூடினாலும் சிரிப்பு. அவளுக்கு ஒரு நல்ல படம் இருக்கவில்லை. பிள்ளைகள் அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெருப்பித்துப் பெட்டிக்கு மேல் வைத்தார்கள், பெனரிலும் போட்டார்கள். பொலிஸில் பிடிபட்ட ஆளைப்போல ஒரு முகம். செத்த வீட்டுக்கு வந்தவர்களே இது யார் என்று கேட்டார்கள். அந்தப் பெனர் சந்தியில் லைட் கம்பத்தில் மழைக்கு ஊறிக் கிழியும் வரைக்கும் தொங்கியது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

அதற்குப் பிறகு எனக்கு மார்பில் கட்டி வந்தது. புத்தளத்தில் பார்த்து, கொழும்புக்கு அனுப்பி, ஒப்பரேசனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். பயமாக இருந்தது. இல்லையென்று சொல்லி யாருக்கு என்ன லாபம்? மகள் இத்தாலியில் இருந்து போனில் அழுதாள். நான் அலுமாரியைத் திறந்து என் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தேன். அக்காவின் முகத்தைவிட மோசம்.

அவர் முற்றத்தில் இருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"இஞ்ச பாருங்க. ஒப்பரேசனுக்குப் போக முன்னம் என்ட முகத்தை ஒரு படம் எடுங்க."

"என்னத்துக்கு?"

"என்னத்துக்கெண்டு உங்களுக்குத் தெரியும்."

அவர் கத்தி நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கத்தினார். "ஏலாது! அந்தப் படம் நான் வாழ்நாளுக்குப் போதும் எண்ட அளவுக்கு எடுத்திட்டன். உன்னை எடுக்க மாட்டன்!"

"ஊர்ப் புள்ளைகளுக்கெல்லாம் எடுத்துக் குடுத்தீங்கதானே, பெத்தவள் பாக்கட்டும் எண்டு! எனக்கெண்டா மட்டும் அந்த அடையாள அட்டை மூஞ்சியா? என்னைப் பாத்து இது ஆரெண்டு சனம் கேக்கோணுமா?"

அவர் எழும்பிக் கரைக்குப் போய்விட்டார். நான் இருந்த இடத்திலேயே இருந்து அழுதேன். அவருக்கும் பயம்தான், எனக்கு அது தெரியும். ஆனால் சாகப்போகிறவள் நானாக இருக்கும்போது அவருடைய பயத்தையும் நானா சுமப்பது என்று கோபம் கோபமாக வந்தது.

அடுத்த நாள் காலையில் மகளின் கல்யாணத்துக்குக் கட்டிய சேலையைக் கட்டிக்கொண்டு தனியாக டவுனுக்குப் போய் ஒரு ஸ்டூடியோவில் ஏறினேன். நாடியை உயர்த்தச் சொன்னார்கள், தாழ்த்தச் சொன்னார்கள். கொம்பியூட்டரில் என்னவெல்லாமோ செய்து, "நல்லா வந்திருக்கு அன்ரி" என்று பெரிய படமாகத் தந்தார்கள். பாலில் குளித்து எழும்பின மாதிரி ஒரு வெள்ளைக்காரி. பின்னால் பனி மலை. கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுச் சோறு போடப் போனேன்.

அவர் வந்து பார்த்தார். கையில் எடுத்தார். யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தார்.

"இது ஆரு?"

"நான்தான்."

"மூக்குக்குப் பக்கத்தில இருக்கிற மச்சம் எங்க?"

"அழிச்சிட்டாங்க."

"புருவத்தில தூண்டில் கிழிச்ச தழும்பு?"

"அதையும்தான்."

"உன்ட இடது கண் சிரிக்கேக்க சின்னதாப் போகும். இவன் ரெண்டையும் ஒரே அளவாக்கி வைச்சிருக்கிறான். நெத்தியில கோடு மூண்டு, அதைக் காணேல்ல. மனிசரின்ட முகத்தில கைவைக்க இவனுக்கு ஆரு அதிகாரம் குடுத்தது?"

எனக்குச் சோற்றுக்கரண்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. என் இடது கண் சிரிக்கும்போது சிறிதாகும் என்று எனக்கே தெரியாது.

அவர் அறைக்குள் போய்க் கமராவை எடுத்து வந்தார். தென்னை நிழலில் கதிரையைப் போட்டார். "இதில இரு" என்றார். பின்னால் சீலை கட்டவில்லை. வேலியும் வேலிக்கு அங்கால் கடலும்தான். கமராவைக் கண்ணில் வைத்தார், இறக்கினார், லென்ஸைத் துடைத்தார், மறுபடி வைத்தார். குண்டு விழுகிற இடத்தில் ஆடாத கை என்று அந்தப் பொய்க்கால் மனிசர் சொல்லியிருந்தார். அந்தக் கை மறுபடியும் லென்ஸைத் துடைக்கப் போனது.

"கறி அடிப்பிடிக்கப்போகுது" என்றேன்.

"கதைக்காத. என்னைப் பார்."

பார்த்தேன். ஒரு கமராவை நான் நேரே பார்க்க, அதற்குப் பின்னால் அவர் இருந்தது அதுதான் முதல் தடவை. அவர் பொத்தானை அமத்தவில்லை. கமராவைக் கொண்டுபோய் மூன்றுகால் ஸ்டாண்டில் மாட்டினார். எதையோ திருகினார். சிவப்பாக ஒன்று மினுங்கத் தொடங்கியதும் ஓடிவந்து, மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு என் பக்கத்தில் குந்தினார். தோளைப் பிடித்து என்னைத் தன் பக்கம் இழுத்துக் கன்னத்தைக் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டார். சவரம் செய்யாத கன்னம்.

"என்ன செய்றீங்க? என்னைத் தனிய எடுங்க!"

"பேசாம முன்னுக்குப் பார்."

படம் விழுந்தது. அவர் போய்ப் பார்த்தார். தலையை ஆட்டினார். நானும் எழும்பிப் போய்ப் பார்த்தேன். மச்சம் இருந்தது. தழும்பு இருந்தது. வேர்வையும் இருந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு கிழவன் கொலரைச் சரிசெய்து, நாடியைக் கொஞ்சம் தாழ்த்தி, கண் இமைக்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதை எப்பிடிப் பெட்டிக்கு மேல வைக்கிறது? உங்கட தலையுமெல்லோ சேர்ந்திருக்கு."

"அதுதான். வைக்கேலாது."

"வெட்டி எடுப்பாங்க."

"எத்தினை பேரை நான் வெட்டி எடுத்திருக்கிறன்? உன்ட தலைக்கும் என்ட தலைக்கும் நடுவில கத்தரிக்கோல் போகாது. பாத்துத்தான் இருந்தனான்."

கொழும்புக்குப் போகிற பஸ்ஸில் ஏறும் வரைக்கும் நான் விடவில்லை. தனிப் படம் ஒன்று வேண்டும் என்று மறுபடியும் சொன்னேன். "போயிட்டு வா, வந்தாப்பிறகு எடுக்கிறன்" என்றார். போனேன். வந்தேன். தலைமயிர் கொட்டி, பிறகு முளைத்து, இப்போது முன்பைவிடச் சுருளாக இருக்கிறது.

இன்றைக்குக் காலையிலும் கேட்டேன், சொன்ன படம் எங்கே என்று. முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். கற்பிட்டி வெயில் மண்ணைப் பொரித்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் போதாது என்றார். நானும் இரண்டாம் தரம் கேட்கவில்லை.